கொட்டமுத்தும் ஒரு பழைய கேள்வியும்



ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லையே, உடம்பு சரியில்லையா சார் என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் வாத்தியார் பேச்சைக் கேட்பதில்லை. ராத்திரி விளக்கெண்ணெயை லேசாகச் சூடு பண்ணித் தேய்த்துக்கொண்டு படுக்கிறேன். அந்த எண்ணெயைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். தாவரவியல் பாடமும் நடுவில் வரும். தூங்குகிறவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 1996-ல் என்னிடம் பிளஸ் டூ படித்தவர்கள் மட்டும் கடைசி வரை படியுங்கள். உங்கள் முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆத்தூர் பக்கம் சொந்தக் காட்டில் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிறான். மஞ்சள் காட்டைச் சுற்றி வரப்பில் ஆமணக்கு. கையில் ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் கொண்டுவந்திருந்தான். "கடையில வாங்குனது இல்லீங்க சார். நம்ம காட்டுக் கொட்டமுத்து. அம்மா காய்ச்சுனது" என்றான். அவன் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. இன்னமும் காய்ச்சுகிறார்.

எங்கள் அம்மாவும் வீட்டிலேயே காய்ச்சுவார். என் தம்பி தங்கைகளுக்கு நினைவிருக்கும். கொட்டமுத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வறுத்து, உரலில் போட்டு இடித்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பார். எண்ணெய் மேலே மிதந்து வரும். கரண்டியால் மெல்ல வழித்தெடுத்து, ஈரம் போகும் வரை மறுபடி காய்ச்சுவார். தெருவே மணக்கும். நாறும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு கிண்ணம், கண் எரிச்சல் என்று வந்தவருக்கு ஒரு சொட்டு, துவரம்பருப்பில் பூச்சி வராமல் புரட்டி வைக்கக் கொஞ்சம், மீதி விளக்குக்கு. ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா கண்டிப்பு. கொட்டமுத்தை வாயில் வைத்தோம் என்றால் முதுகில் விழும். மிஞ்சிய சக்கை ஆடு மாட்டுக்கு எட்டாத இடத்துக்குப் போகும். அது வயலுக்கு எரு.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் ரிசின் என்ற புரதம். 1888-ல் எஸ்தோனியாவில் ஸ்டில்மார்க் என்ற ஆராய்ச்சியாளர் ஆமணக்கு விதையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். உடம்பின் செல்களுக்குள் புகுந்து, அவை புரதம் செய்கிற வேலையை நிறுத்திவிடும். நல்லவேளையாக அது எண்ணெயில் கரையாது, சக்கையோடு நின்றுவிடும். கொதிக்க வைத்தால் கெட்டும் போய்விடும். வறுத்துக் கொதிக்க வைத்த நம் பாட்டிமார்களுக்கு ரிசின் என்ற பெயர் தெரியாது. வேலை தெரிந்திருந்தது.

சரி, 1996-க்கு வருவோம்.

அந்த வருஷம் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவில் கிறிஸ் சோமர்வில் என்ற தாவரவியலாளரின் குழு, ஆமணக்கு எண்ணெயைச் செய்கிற மரபணுவைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்துவிட்டது. 1995-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளிவந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் படவில்லை. அடுத்த நாள் உங்கள் வகுப்பில் மூச்சு விடாமல் அதைத்தான் நடத்தினேன்.

எப்படி நடத்தினேன் என்பது சிலருக்கு நினைவிருக்கலாம். பதினெட்டுப் பேரை எழுப்பிக் கைகோத்து வரிசையாக நிறுத்தினேன். "இதுதான் ஓலிக் அமிலம். நிலக்கடலை எண்ணெயில் நிறைய இருப்பது. பதினெட்டு கார்பன்" என்றேன். பிறகு பன்னிரண்டாவது ஆளின் தோளில் ஒரு புத்தகப் பையை மாட்டினேன். "இப்போது இது ரிசினோலிக் அமிலம். அந்தப் பைதான் ஹைட்ராக்சில் தொகுதி. பையை மாட்டுகிற வேலையைச் செய்வது ஒரே ஒரு நொதி. அந்த நொதிக்கான மரபணுவைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்."

அந்த ஒரு பைக்கு அத்தனை மதிப்பு. விளக்கெண்ணெய் கெட்டியாக வழிவதும், சாராயத்தில் கரைவதும், பெட்ரோலோடு எளிதில் கலக்காததும் அதனால்தான். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. நைலான் 11 என்ற பிளாஸ்டிக்கை இன்றைக்கும் விளக்கெண்ணெயிலிருந்துதான் செய்கிறார்கள். வண்டிகளின் எரிபொருள் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் அது போகிறது. ஆமணக்கு எண்ணெயில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு ரிசினோலிக் அமிலம். இத்தனை நிறைவாக அதைத் தருகிற வேறு பயிர் இல்லை.

ஆனால் ஆமணக்கில் மூன்று தொல்லை. ரிசின் ஒன்று. காய் உடைக்கும்போது பறக்கிற தூசியில் உள்ள இன்னொரு புரதம் ஒன்று. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கண் அரிக்கும், மூச்சு இழுக்கும். மூன்றாவது, எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றாது. அதனால் அந்த மரபணுவை மட்டும் எடுத்து, விஷமில்லாத வேறொரு செடியில் வைத்துவிடலாம் என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். எண்ணெய் வரும், விஷம் வராது.

எந்தச் செடியில் வைப்பது என்பதிலும் ஒரு யோசனை இருந்தது. நிலக்கடலையிலோ சூரியகாந்தியிலோ வைத்து, அந்த விதை தவறிப்போய்ச் சந்தையில் கலந்துவிட்டால்? ஊரே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். விளக்கெண்ணெய் ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்ற காரணம் 2012-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. ரிசினோலிக் அமிலம் குடல் தசையில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைப் பிடித்து முறுக்குகிறது. அதனால் இந்த மாதிரி எண்ணெய்களுக்கு மனிதர் உண்ணாத செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு. சோற்றுக்குப் போகிற வயல் வேறு, தொழிற்சாலைக்குப் போகிற வயல் வேறு என்று பிரித்து வைக்கிற எண்ணம். அது நல்ல எண்ணம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேங்காய் எண்ணெயின் முக்கியச் சரக்கு லாரிக் அமிலம். சோப்பு நுரைக்க அது வேண்டும். கலிபோர்னியாவில் வளரும் ஒரு மரத்தின் மரபணுவைக் கனோலாக் கடுகில் வைத்து, அதன் எண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு லாரிக் அமிலம் வரவைத்திருந்தார்கள். 1995 வாக்கில் அது வயலுக்கே வந்துவிட்டது. ஒரு மரபணு, ஒரு மாற்றம், வேலை முடிந்தது. அதே கணக்கை ஆமணக்குக்கும் போட்டேன்.

கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: "இன்னும் பத்தே வருஷம்." பிறகு சொன்னேன், "இனி ஆமணக்கு பயிரிடவே தேவையிருக்காது."

மூன்றாவது வரிசையில் அவன் எழுந்தான். அதிகம் பேசாத பையன்.

"சார், எண்ணெயை எதுக்குங்க வேற செடிக்கு மாத்தோணும்? நம்ம செடியில இருக்கற விஷத்தை எடுத்துப்புட முடியாதுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். "ஏன்டா, செடிக்கே பேதிக்குக் கொடுக்கச் சொல்றியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். மணி அடித்தது.

அதற்கு முந்தின வாரம் அவர்கள் வீட்டுச் சினை ஆடு ஒன்று, வாசலில் காயப்போட்டிருந்த கொட்டமுத்தைத் தின்று செத்துப்போயிருந்தது. அவன் அம்மா கூலிக்குக் காய் உடைக்கப் போய், கண் சிவந்து வீங்கி வீடு திரும்புவார். இந்த இரண்டும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு வேறொரு மாணவன் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, பாடம் முடிக்க வேண்டும், இப்படி ஏதோ காரணம். அவன் பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு என் சிரிப்புதான் காரணம் என்று சொல்லமாட்டேன். வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அவன் கேட்ட ஒரே கேள்வியை நான் சிரித்து உட்கார வைத்தேன் என்பது உண்மை.

இப்போது, நான் எழுதிய பத்து வருஷம் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

அந்த மரபணுவை முதலில் புகையிலைச் செடியில் வைத்துப் பார்த்தார்கள். விதையில் பெயருக்குத்தான் ரிசினோலிக் அமிலம் வந்தது. அடுத்து அராபிடாப்சிஸ். கடுகுக் குடும்பத்துக் களைச்செடி, யாரும் தின்பதில்லை, ஆய்வகங்களுக்குச் செல்லப்பிள்ளை. அதில் பை மாட்டிய அமிலங்கள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 17 என்ற அளவோடு நின்றுவிட்டன. ஆமணக்கின் 90 எங்கே, இந்த 17 எங்கே!

காரணத்தைத் தேடப்போனதில்தான் உண்மையான பாடம் கிடைத்தது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு சமையல்காரர் வந்து நாம் அறியாத பலகாரம் ஒன்றைச் செய்கிறார். பரிமாறுகிறவர்களுக்கு அதை எப்படி எடுப்பது என்றே தெரியவில்லை. பாத்திரம் பாத்திரமாகச் சமையற்கட்டில் தேங்குகிறது. பார்த்துப் பார்த்து, கடைசியில் மற்ற அடுப்புகளையும் தணித்துவிடுகிறார்கள். செடிக்குள்ளும் அதுதான் நடந்தது. எண்ணெய் என்பது கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்களை ஏற்றிக் கட்டிய மூட்டை. பை மாட்டிய அமிலத்தைத் தொட்டு மூட்டை கட்ட அராபிடாப்சிஸின் நொதிகளுக்குப் பழக்கமில்லை. அது செல் சவ்விலேயே தேங்கியது. தேக்கத்தைக் கண்ட செடி, கொழுப்பு அமிலம் செய்கிற வேலையையே குறைத்துக்கொண்டது. விதையில் மொத்த எண்ணெயும் குறைந்தது, விதை முளைப்பதும் குறைந்தது.

ஆமணக்கில் மட்டும் ஏன் தேங்கவில்லை? அதற்கென்றே பழகிய மூட்டைக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அதில் ஒரு நொதியின் மரபணுவையும் சேர்த்து வைத்தபோது, 2008-ல், அளவு 30-ஐ நெருங்கியது. 2010-ல் ஆமணக்கின் முழு மரபணுத் தொகுதியின் வரைவே வெளியானது. அதன் பிறகும் ஒன்றன்மேல் ஒன்றாக மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆமணக்கை எட்ட முடியவில்லை. நான் கரும்பலகையில் எழுதி ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் உலகத்து விளக்கெண்ணெய் ஆமணக்குச் செடியிலிருந்துதான் வருகிறது. அதிலும் பெரும்பகுதி நம் நாட்டில், குறிப்பாக குஜராத்தில் விளைகிறது. நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நான் ஒழிந்துபோகும் என்று சொன்ன பயிர், என் மாணவன் வரப்பில் நிற்கிறது.

இதை வைத்து அறிவியல் தோற்றுவிட்டது என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். உண்ணாத செடிகளில் கொழுப்பு அமிலம் செய்யும் வேலை வேறு இடங்களில் நன்றாகவே நடந்திருக்கிறது. கிராம்பே என்று ஒரு செடி, கடுகுக்குச் சொந்தம், தொழிற்சாலை எண்ணெய்க்கென்றே பயிரிடுவது. அதன் எண்ணெயில் இயல்பாகவே 60 சதவீதம் எரூசிக் அமிலம். பிளாஸ்டிக் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்க்கும் பொருளை அதிலிருந்து செய்கிறார்கள். ஸ்வீடன் விஞ்ஞானிகள் அந்த அளவை 70-க்கு மேல் கொண்டுபோனார்கள். 2014-ல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனம் மூன்று மரபணுக்களைச் சேர்த்து, புகையிலை இலையின் உலர் எடையில் 15 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய் வரவைத்தது. விதையில் இல்லை, இலையில்! எண்ணெய் இவ்வளவு சேராத இடத்தில் சேர வைத்தது பெரிய காரியம். ஆக, சில எண்ணெய் சொன்னபடி கேட்கிறது, சில எண்ணெய் கேட்பதில்லை. எது கேட்கும் என்பதைச் செடிதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்பதற்கு முன்னாலேயே நான் வருஷக்கணக்குப் போட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு என் பேத்தி வந்திருந்தாள். தாவர உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். அவளிடம் இந்தக் கதையை, என் சிரிப்பையும் சேர்த்துத்தான், சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபோனில் எதையோ தேடினாள்.

"தாத்தா, அந்த மாமா கேட்டதைச் செஞ்சுட்டாங்க" என்றாள்.

பிரேசில் நாட்டு அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபாவின் விஞ்ஞானிகள் 2017-ல் வெளியிட்ட கட்டுரை. எண்ணெயை வேறு செடிக்கு மாற்றவில்லை. ஆமணக்கிலேயே ரிசின் மரபணுவின் கட்டளை நிறைவேறாமல் அடக்கிவிட்டார்கள். விதையில் ரிசின் இல்லை. அந்த விதையின் புரதத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோக்கம் என்ன தெரியுமா? எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கை ஆடு மாட்டுக்குத் தீவனமாக்குவது.

ஆடு மாட்டுக்கு!

பதினேழு வயதில் ஒரு பையன், செத்துப்போன சினை ஆட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டதை, இருபது வருஷம் கழித்து விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியாக எடுத்துச் செய்திருக்கிறார்கள். நான் பத்திரிகையில் படித்ததை ஒப்பித்தேன். அவன் தன் வாசலில் நடந்ததை வைத்து யோசித்தான். என்னைவிட அவன்தான் அன்றைக்கு விஞ்ஞானியாக இருந்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். பிரேசில் கட்டுரையின் கதையையும் தமிழில் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான். "ஆடு தின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்களா சார்?" என்று இரண்டு முறை கேட்டான். அந்த விதை நம் ஊர் வயலுக்கு வந்ததல்ல, ஆய்வில் செய்து காட்டியது என்று சொன்னேன். இந்த முறை வருஷக்கணக்கு எதுவும் சொல்லவில்லை.

பிறகு, "அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தேன், தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆடு செத்தது நெனப்பு இருக்குதுங்க சார். நீங்க சிரிச்சது நெனப்பு இல்லீங்க" என்றான்.

அது உண்மையா, என் வயதுக்குக் கொடுத்த மரியாதையா என்று நான் கேட்கவில்லை. வீட்டில் காபி கொடுத்தாள், குடித்துவிட்டுக் கிளம்பினான். வாசல் வரை போனவன் திரும்பி, "எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ங்க சார், பச்சையாத் தேய்க்காதீங்க. அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றான்.

வகுப்பில் எல்லார் முன்னாலும் சிரித்தேன். அதனால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. 1996 மாணவர்களே, அன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் நீங்கள். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைப் பின்னூட்டத்தில் எழுதாதீர்கள். ஊருக்கு வரும்போது அவன் காட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

உங்களில் இருபது பேராவது இன்றைக்கு ஆசிரியர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தால், முதலில் "இதை ஏன் கேட்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை போதும்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பக்கம் ஆமணக்குச் செடி இருந்தால், குழந்தைகளும் ஆடு மாடுகளும் கொட்டமுத்தை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளவென்று கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கும், குழந்தைகள் எடுக்கத்தான் செய்யும். யாராவது மென்று விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேதிக்கு என்று குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டும் பழக்கத்தையும் மருத்துவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த அம்மா காய்ச்சிய எண்ணெய் பாட்டிலில் பாதிக்கு மேல் இருக்கிறது. இன்றைக்குச் சூடு பண்ணித்தான் தேய்த்திருக்கிறேன். முழங்கால் கொஞ்சம் தேவலை.

அன்புடன்,
உங்கள் தாவரவியல் வாத்தியார்